வெயிலூரில் ஆண்டு முழுவதும் ஓட: பருவம் மாறினாலும் பழக்கம் விடாதிருக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மார்கழி மாதத்து அதிகாலையில் வேலூர்க் கோட்டைக்கு வெளியே, அகழியை ஒட்டிய பாதையில் நின்று பார்த்தால், குல்லாவும் சால்வையுமாக நடக்கும் பெரியவர்களுக்கு நடுவே புது ஷூ போட்டுக்கொண்டு ஓடுகிற இளைஞர்கள் நிறையப் பேரைக் காணலாம். புத்தாண்டில் எடுத்த உறுதியும் இதமான குளிரும் அவர்களை ஓட வைக்கின்றன. அதே இடத்தில் சித்திரை முடிகிற நேரத்தில் போய் நின்றால் அவர்களில் பெரும்பாலோர் இருப்பதில்லை. வெயில் தணிந்ததும் வரலாம் என்று நின்றவர்கள், வெயில் தணிந்தபோது மழை பிடித்துக்கொண்டதால் வீட்டிலேயே இருந்துவிட்டு, அடுத்த மார்கழியில் மறுபடியும் முதல் நாளிலிருந்து தொடங்குகிறார்கள். எட்டு ஆண்டுகளாக இந்த ஊரில் ஓடி வருகிற நான் ஆண்டுதோறும் இதைப் பார்க்கிறேன். அவர்களுக்கு மனஉறுதி குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. ஜனவரியில் ஓடிய ஓட்டத்தையே மே மாதத்திலும் ஓட முயன்றதுதான் அவர்களை நிறுத்திவிட்டது.

ஆகவே அடிப்படையான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரத்தில் எந்தெந்தக் கிழமை ஓடுவது என்பதை ஆண்டு முழுவதும் மாற்றாதீர்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரம், என்ன வேகத்தில் என்பதைப் பருவத்தின் கையில் விட்டுவிடுங்கள். கிழமை தவறினால் பழக்கமே விட்டுப்போகும். வேகம் குறைந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது, குளிர் வந்ததும் அது தானாகவே திரும்பி வரும்.

வேலூரை வெயிலூர் என்று சொல்வது வெறும் பேச்சுக்காக அல்ல. ஊரைச் சுற்றி நிற்கும் மொட்டைப் பாறை மலைகள் பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் அனலாக வெளியே விடுகின்றன, பாலாற்றில் பெரும்பாலான மாதங்களில் மணல்தான் இருக்கிறது, கடற்காற்றும் இவ்வளவு தூரம் வந்து சேருவதற்குள் களைத்துவிடுகிறது. பழைய வட ஆற்காட்டுக்குள், அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களுக்குள், ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ வசிப்பவர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் நான் சொல்லப்போவது ஏறக்குறைய அப்படியே பொருந்தும்.

தொடக்கம்: முதல் எட்டு வாரம்

எந்த மாதத்தில் தொடங்கினாலும் முதல் எட்டு வாரங்களுக்கு வாரம் மூன்று நாள் போதும். செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று நடுவில் ஒரு நாளாவது ஓய்வு கிடைக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் மொத்தம் 30 நிமிடம். முதல் ஐந்து நிமிடம் நடை, கடைசி ஐந்து நிமிடமும் நடை. இடையில் உள்ள 20 நிமிடத்தில் ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டி நடக்கும் நேரத்தைக் கொஞ்சம் குறைத்தால், எட்டாவது வாரத்தில் அந்த 20 நிமிடத்தையும் நிற்காமல் ஓடிவிடுவீர்கள். வேகத்துக்கு ஒரே அளவுகோல்தான்: பக்கத்தில் ஓடுபவரிடம் மூச்சு முட்டாமல் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று பொருள். நாற்பது வயதைத் தாண்டியவர்களும், இரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களும், மாத்திரை சாப்பிட்டு வருகிறவர்களும் தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது கட்டாயம்.

செலவு செய்ய வேண்டியது ஷூவுக்கு மட்டும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் உலக நாடுகளுக்கெல்லாம் செருப்பும் ஷூவும் தைத்து அனுப்புகிற மண்ணில் இருந்துகொண்டு, கால் அளவு பார்க்காமல் ஷூ வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மாலையில் போய் வாங்குங்கள், ஏனென்றால் பகலெல்லாம் நின்று நடந்த கால் அப்போது சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். பெண்கள் இதற்கென்று தனி உடை தேட வேண்டும் என்பதில்லை. தளர்வான சுடிதார், நன்றாகத் தாங்கும் உள்ளாடை, ஷூ, துப்பட்டாவுக்குப் பதில் ஒரு தளர்ந்த மேல்சட்டை என்று ஓடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இடத்தையும் முன்பே தேர்ந்துகொள்ளுங்கள். கோட்டையைச் சுற்றிய பகுதியில் விளக்கும் ஆள் நடமாட்டமும் இருப்பதால் தனியாக வருகிறவர்களுக்கு அது பாதுகாப்பானது. நேதாஜி விளையாட்டு அரங்கம் மண் தரையில் ஓட விரும்புகிறவர்களுக்கு ஏற்றது. சத்துவாச்சாரிப் பக்கம் இருப்பவர்கள் தேசிய நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் ஓடுவதைப் பார்க்கிறேன், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனங்கள் அங்கே அதிகம். எந்தச் சாலையானாலும் வலது ஓரமாக, வருகிற வண்டிகளை முகத்துக்கு நேரே பார்த்தபடி ஓடுங்கள்.

கடிகாரத்தைச் சூரியனோடு நகர்த்துதல்

வேலூரில் ஜூன் தொடக்கத்தில் சூரியன் 5.45 மணி அளவிலேயே எழுந்துவிடுகிறது. ஜனவரிக் கடைசியில் 6.40 ஆகிவிடுகிறது. ஏறக்குறைய ஒரு மணி நேர வேறுபாடு. ஆண்டு முழுவதும் காலை ஆறு மணிக்கு ஓடுகிறேன் என்று அலாரம் வைத்துக்கொள்கிறவர், தம்மை அறியாமலேயே ஜனவரியில் இருட்டிலும் மே மாதத்தில் வெயிலிலும் ஓடிக்கொண்டிருக்கிறார். ஓட்டம் முடிகிற நேரத்தைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் சூரியன் மேலே வருவதற்குள் ஓட்டம் முடிந்திருக்க வேண்டும். மார்கழி, தையில் வெளிச்சம் வந்த பிறகு தொடங்கினாலும் போதும். சூரியன் எழுவதற்கு 20 நிமிடம் முன்பே தரை தெரியும் அளவுக்கு வெளிச்சம் வந்துவிடும் என்பதால் கோடையில் ஐந்து மணிக்குப் பிறகு வெகுநேரம் இருட்டில் ஓட வேண்டியிராது.

இந்த நகர்வை ஒரே நாளில் செய்தால் தூக்கம் கெடும். மாசி பிறந்ததும் வாரத்துக்குப் பத்து நிமிடம் என்று அலாரத்தை முன்னே தள்ளுங்கள், தூங்கப் போவதையும் அதே பத்து நிமிடம் முன்னே தள்ளுங்கள். தோல் தொழிற்சாலையிலோ மருத்துவமனையிலோ இரவு ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கு இது சரிவராது. அவர்கள் ஷிஃப்ட் முடிந்து வருகிற காலையில் ஓடாமல், தூங்கி எழுந்த பிறகு, வெயில் இறங்கிய நேரத்தில் குறைந்த தூரம் ஓடுவதே நல்லது. தூக்கமில்லாத உடம்பு வெப்பத்தைத் தாங்காது.

மாசி, பங்குனி: உடம்பை வெயிலுக்குப் பழக்குதல்

பெரும்பாலானோர் தவறவிடுகிற மாதங்கள் இவை, ஆகவே இதை விரிவாகவே எழுதுகிறேன்.

நாம் ஓடும்போது தசைகள் செலவழிக்கிற ஆற்றலில் நான்கில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் உடம்பை முன்னே நகர்த்துகிறது. மீதி எல்லாம் சூடாக மாறுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 60 கிலோ கலோரி செலவாகும் என்று வைத்துக்கொண்டால், ஐந்து கிலோமீட்டரில் 300 கிலோ கலோரி. அதில் 225க்குக் குறையாமல் சூடாக உடம்புக்குள் சேரும். அதை வெளியேற்ற நம்மிடம் இருக்கும் முதன்மையான வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும் என்பதால், கணக்குப்படி அரை லிட்டருக்கும் குறைவான வியர்வையே அந்த ஐந்து கிலோமீட்டருக்குப் போதும். ஆனால் அது ஆவியாக வேண்டும் என்பதுதான் நிபந்தனை. முழங்கையிலிருந்து சொட்டி ரோட்டில் விழுகிற வியர்வையால் உடம்புக்கு ஒரு துளி குளிர்ச்சியும் இல்லை. காற்றில் ஈரப்பதம் கூடிய நாட்களில் பனியனைப் பிழிந்தால் தண்ணீர் ஒழுகுகிற அளவுக்கு நனைந்தும் உடம்பு கொதிப்பதற்குக் காரணம் இதுதான்.

உடம்புக்கு ஒரு நல்ல குணம் உண்டு. வெப்பத்தில் நாள்தோறும் சிறிது நேரம் உழைத்தால் 10 முதல் 14 நாட்களுக்குள் அது தன்னை மாற்றிக்கொள்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை முன்னதாகவே தொடங்குகிறது, அதில் வெளியேறும் உப்பு குறைகிறது, அதே வேகத்தில் ஓடும்போது நாடித்துடிப்பு முன்பைவிட இறங்குகிறது. கழனியில் வேலை செய்பவர்கள் சித்திரை வெயிலில் நிற்பதைக் கண்டு வியக்கிறோமே, அவர்கள் உடம்பு மாசியிலிருந்தே பழகிக்கொண்டு வந்தது. மின்விசிறிக்கும் ஏ.சி.க்கும் அடியில் இருந்துவிட்டு ஏப்ரல் கடைசியில் திடீரென்று வெளியே ஓடுகிறவருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஆகவே மார்ச் முதல் வாரத்தில், வெயில் ஏறத் தொடங்குகிற நேரத்தில், இதைத் திட்டமிட்டுச் செய்யுங்கள். இரண்டு வாரங்களுக்கு, ஓட்ட நாட்கள் மூன்றையும் சேர்த்து வாரம் ஐந்து அல்லது ஆறு நாள், வழக்கமான நேரத்தைவிட அரை மணி தாமதமாக வெளியே போங்கள். முதல் நான்கு நாள் 20 நிமிட வேகநடை மட்டும். அடுத்த நான்கு நாள் 25 நிமிடம், அதில் பாதி நடை, பாதி மெதுவோட்டம். அதன் பிறகு 30 நிமிட மெதுவோட்டம். இந்த இரண்டு வாரத்தில் வேகமாக ஓடும் எண்ணமே வேண்டாம். பழக்கிய உடம்பும் ஓரிரு வாரம் ஓடாமல் வீட்டுக்குள் இருந்துவிட்டால் அந்தப் பழக்கத்தை இழக்கத் தொடங்கும். கோடை விடுமுறைக்குக் கொடைக்கானலுக்கோ பெங்களூருக்கோ போய்ப் பத்து நாள் தங்கித் திரும்புகிறவர்கள் மறுநாளே பழைய தூரத்தை ஓடாமல், மூன்று நான்கு நாள் நடந்துவிட்டுத் தொடங்குவது இதனால்தான் அவசியம்.

ரமலான் நோன்பு இருப்பவர்களுக்கும் இங்கே ஒரு குறிப்பு. நோன்பு மாதம் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னே நகர்வதால் சில ஆண்டுகள் அது வெயில் காலத்திலும் சில ஆண்டுகள் குளிர் காலத்திலும் வரும். நோன்பு நாட்களில் காலை ஓட்டத்தை விட்டுவிட்டு, நோன்பு திறப்பதற்கு அரை மணி நேரம் முன்பு மெதுவான நடையோ, இஃப்தார் முடிந்து ஒன்றிரண்டு மணி கழித்துச் சிறிய ஓட்டமோ வைத்துக்கொண்டால் தண்ணீர் உடனே கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். வேலூர்ப் பக்கத்து நண்பர்கள் சிலர் பல ஆண்டுகளாக இப்படித்தான் பழக்கத்தைக் காப்பாற்றி வருகிறார்கள்.

கத்திரி வெயில்

மே 4 ஒட்டித் தொடங்கி மே 28 அல்லது 29 வரை நீளும் அக்னி நட்சத்திர நாட்களில் பகல் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது நமக்குப் புதிதல்ல. இந்த நாட்களில் மாலை ஓட்டம் வேண்டாம். மாலை ஆறு மணிக்கு வெயில் போனதுபோல் தெரிந்தாலும் தார்ச்சாலையும் மதில்களும் மலைப்பாறையும் விடுகிற அனல் அப்போதும் காலில் படும். அதிகாலைதான் ஒரே வழி, அதுவும் 20 முதல் 30 நிமிடம் வரை மட்டும். ஜனவரியில் ஒரு கிலோமீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடியவர் மே மாதத்தில் எட்டு நிமிடமோ எட்டரை நிமிடமோ எடுத்துக்கொண்டால் அது குறையல்ல, சரியான ஓட்டம்.

என் இரண்டாவது ஆண்டில் இந்தப் பாடம் எனக்குக் கடினமாகவே வாய்த்தது. மே மாதத்து ஞாயிறு ஒன்றில் தாமதமாக எழுந்து, ஆறே முக்காலுக்குத் தொடங்கி, ஜனவரியில் ஓடிய எட்டு கிலோமீட்டரையும் ஓடியே தீருவது என்று ஓடினேன். ஆறாவது கிலோமீட்டரில், அந்த அனலில், கையில் மயிர்க்கூச்செறிந்து குளிர்வதுபோல் இருந்தது. அதை நல்ல அறிகுறி என்று எண்ணிக்கொண்டேன். சற்று நேரத்தில் அகழிக் கம்பிவேலி இரண்டாகத் தெரிந்தது. தினமும் அங்கே நடக்க வருகிற பெரியவர் ஒருவர் என் தோளைப் பிடித்து மரத்தடியில் உட்கார வைத்து, "தம்பி, எழுந்திரிக்காத. குடிக்கிறது அப்புறம், மொதல்ல தலையில ஊத்திக்க" என்று சொல்லித் தம் பாட்டில் தண்ணீர் முழுவதையும் என் உச்சியிலும் பிடரியிலும் ஊற்றினார். கால் மணி நேரத்தில் பார்வை தெளிந்தது. வெயிலில் ஓடும்போது சிலிர்ப்பது, உடம்பின் வெப்பக் கட்டுப்பாடு தடுமாறுகிறது என்பதற்கு அடையாளம் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஆகவே இந்த அறிகுறிகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு, தலைசுற்றல், சிலிர்ப்பு: இவற்றில் எது வந்தாலும் ஓட்டம் அன்றைக்கு அத்துடன் முடிந்தது. நிழலில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள், தெளிந்த பிறகு வாய்வைத்துச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். உடன் ஓடுபவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ, நினைவு தப்பினாலோ அது வெப்பத்தாக்கு. உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை சும்மா காத்திராமல், நிழலுக்குக் கொண்டுபோய், மேல்சட்டையைக் கழற்றி, கிடைத்த தண்ணீரை எல்லாம் உடம்பு முழுக்க ஊற்றி, துண்டாலோ அட்டையாலோ விடாமல் விசிறுங்கள். நினைவு சரியில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

தண்ணீர் எவ்வளவு குடிப்பது என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான அளவு கிடையாது, ஆனால் உங்கள் அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஓடப் போகும் முன் ஓடும் உடை இல்லாமல் எடை பாருங்கள், வந்ததும் நனைந்த உடையைக் கழற்றி உடம்பைத் துடைத்துவிட்டு மறுபடியும் பாருங்கள். 62 கிலோ 61.3 ஆனால் 700 மில்லி போயிருக்கிறது. அடுத்த இரண்டு மணி நேரத்தில் அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் குடித்தால் ஈடாகிவிடும். எடை குறைவதற்குப் பதில் கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். அளவு மீறிக் குடிக்கிற வெறும் தண்ணீர் இரத்தத்து உப்பைக் கரைத்துக் குறைத்துவிடும் என்பதால் அதுவும் ஆபத்துதான். அரை மணி ஓட்டத்துக்கு வெறும் தண்ணீர் போதும். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் உப்பும் சேர வேண்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லாதபோது ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்ளலாம். உப்புப் போட்ட நீர்மோர், எலுமிச்சை கலந்த நீராகாரம், கேழ்வரகுக் கூழ் ஆகியவை எங்கள் வீட்டில் இதற்காகவே கோடை முழுவதும் இருக்கும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொடை உரசிப் புண்ணாவது இந்த மாதங்களில் பலருக்குத் தொல்லை. கிளம்பும் முன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவினால் வராது. வந்த பிறகு ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தால் படர்தாமரை பிடிக்கும்.

ஆடிக் காற்றும் சாயங்கால மழையும்

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நம் பக்கத்துக்கு மழை பெரும்பாலும் சாயங்கால இடிமழையாகத்தான் வரும். பகலெல்லாம் காய்ந்துவிட்டு, நான்கு மணிக்கு மேல் மலைக்குப் பின்னாலிருந்து கருத்து, புழுதிக் காற்றோடு அடித்து ஊற்றும். ஆகவே காலை ஓட்டத்தை விடாதீர்கள். இரவு மழை பெய்த மறுநாள் காலை குளிர்ச்சியாகத் தோன்றினாலும் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் வேகம் தானாகக் குறையும். மேலே சொன்ன ஆவியாகிற கணக்கு அங்கேயும் வேலை செய்கிறது.

மாலையில் ஓடியே ஆக வேண்டியவர்களுக்கு ஒரு விதி. இடி காதில் விழுந்துவிட்டால் மின்னல் உங்களை எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை வெளியே வராதீர்கள். சாலையோரப் புளியமரத்தடி ஒதுங்கும் இடமல்ல. பாலாற்றுப் பாலத்தின் மேலும் ஏரிக்கரை மேலும் அப்போது நிற்கக் கூடாது.

ஆடியில் காற்றுக்கு ஏற்றபடி வழியைத் திருப்பிக்கொள்ளுங்கள். போகும்போது எதிர்காற்றும் திரும்பும்போது பின்காற்றுமாக அமைந்தால், களைத்த நேரத்தில் காற்று உதவும். கண்ணுக்குச் சாதாரணக் கண்ணாடி ஒன்று போட்டுக்கொண்டால் ஆற்று மணலும் லாரிப் புழுதியும் விழாது.

ஐப்பசி, கார்த்திகை: மழைக்காலம்

வடகிழக்குப் பருவமழை நாட்களில் ஓட்டம் நிற்பதற்கு மழையைவிட நனைந்த ஷூதான் பெரிய காரணம் என்பது என் அனுபவம். ஈர ஷூவை மறுநாள் காலையில் பார்த்ததும் மனம் திரும்பிப் படுத்துக்கொள்ளும். இதற்கு வழி இருக்கிறது. வீட்டுக்கு வந்த உடனே, குளிப்பதற்கு முன்பே, ஷூவின் நாடாவைத் தளர்த்தி நாக்கை வெளியே இழுத்துவிட்டு, உள்ளே இருக்கும் மெத்தையை எடுத்துத் தனியாகச் சுவரில் சாய்த்து வையுங்கள். பழைய செய்தித்தாளைக் கசக்கி விரல் பக்கம் வரை இறுக்கித் திணியுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் தாள் கனத்துக் குழைந்திருக்கும். அதை எறிந்துவிட்டுப் புதுத் தாளைத் திணித்து மின்விசிறிக்கு அடியில் சாய்த்து வைத்தால் மறுநாள் காலைக்குள் உள்ளே கைவிட்டாலும் ஈரம் ஒட்டாது. வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ காயவைத்தால் பசை இளகி அடிப்பாகம் பிரிந்துவிடும். முடிந்தவர்கள் பழைய ஷூ ஒன்றை மழைக்கென்றே வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடலாம். கால் விரலிடுக்குகளை ஒவ்வொரு நாளும் துடைத்து உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் சேற்றுப்புண் வந்து இரண்டு வாரம் பிடுங்கிக்கொள்ளும்.

தேங்கிய தண்ணீருக்குள் கால் வைக்காதீர்கள். எங்கே மூடி இல்லாத சாக்கடை இருக்கிறது, எங்கே குழாய்க்குத் தோண்டி மூடாமல் விட்டிருக்கிறார்கள் என்பது மேலிருந்து தெரியாது. அறுந்து கிடக்கும் மின்கம்பியைக் கண்டால் அந்தத் தெருவையே விட்டுவிடுங்கள். 2021 நவம்பரில் பாலாறு கரை முட்டிப் போனபோது வேடிக்கை பார்க்க ஆற்றங்கரைக்குப் போனவர்கள் ஏராளம். வெள்ளம் வருகிற நாளில் கரைப் பக்கம் ஓடப் போகவே கூடாது. புதரும் புல்லும் வளர்ந்த ஒற்றையடிப் பாதைகளை, பாம்புக்காகவாவது, தை வரை ஒதுக்கி வையுங்கள்.

மூன்று நாள் விடாமல் பெய்தால் மொட்டை மாடிக்குக் கீழே, படிக்கட்டில், கூடத்தில் 20 நிமிடம் நின்ற இடத்திலேயே மெதுவாக ஓடுங்கள், படி ஏறி இறங்குங்கள். அது ஓட்டமாகுமா என்று கேட்கிறார்கள். கிழமை தவறவில்லை என்பதால் எனக்கு அது ஓட்டம்தான்.

கொசு பெருகுகிற மாதம் என்பதால் காய்ச்சலும் வரும். காய்ச்சல் இருக்கும்போது ஒரு நாளும் ஓடக் கூடாது. சாதாரணக் காய்ச்சல் என்றால் விட்ட பிறகு ஒரு வாரம் நடை. டெங்குவாகவோ சிக்குன்குனியாவாகவோ இருந்தால் மருத்துவர் சொன்ன பிறகே தொடங்க வேண்டும்.

மார்கழி, தை

நன்றாக ஓட ஏற்ற மாதங்கள் இவை. அதிகாலையில் 20 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும் என்பதால் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் கை கால்களை அசைத்துச் சூடேற்றிக்கொண்டு வெளியே வாருங்கள். பனிமூட்டத்தில் வண்டிக்காரர்களுக்குத் தெரியும்படி வெளிர்நிறச் சட்டை போடுங்கள். தெருவை அடைத்துக் கோலம் போட்டிருப்பார்கள், சுற்றிப் போங்கள். போகி அன்று காலை புகையில் ஓடுவதைவிட அன்றைய ஓட்டத்தை மாலைக்கு மாற்றிக்கொள்வது நுரையீரலுக்கு நல்லது. ஆஸ்துமா உள்ளவர்கள் கட்டாயம் அப்படிச் செய்ய வேண்டும்.

குளிரில் உடம்பு களைப்பைக் காட்டாது என்பதால் இந்த மாதங்களில்தான் பலர் தூரத்தை அவசரமாகக் கூட்டி முழங்காலுக்குக் கீழ் முன்னெலும்பில் வலியை வாங்கிக்கொள்கிறார்கள். முந்தைய வாரத்துத் தூரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாமல் இருப்பது ஓடுபவர்களிடையே பழக்கத்தில் உள்ள கணக்கு. நான் அதையும் மூன்று வாரம் கூட்டி, நான்காவது வாரம் குறைத்துத்தான் பின்பற்றுகிறேன்.

நாய்களைப் பற்றி எல்லாப் பருவத்துக்கும் பொதுவாக ஒன்று. துரத்தினால் ஓடாதீர்கள், நின்று, முகத்தை அதன் பக்கம் வைத்து மெதுவாகப் பின்வாங்குங்கள். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடுகிறார்கள்.

இடையில் நின்றுபோனால்

திருமணம், தேர்வு, காய்ச்சல், ஊர்த் திருவிழா என்று எவருக்கும் இடைவெளி வரும். ஒரு வாரம் வரை விட்டிருந்தால் விட்ட இடத்திலிருந்தே தொடங்கலாம். இரண்டு, மூன்று வாரம் என்றால் பழைய நேரத்தில் பாதி. ஒரு மாதத்தைத் தாண்டிவிட்டால் முதல் எட்டு வாரத் திட்டத்துக்கே திரும்புங்கள்; இந்த முறை அது நான்கு வாரத்தில் முடிந்துவிடும். மார்ச்சிலிருந்து ஜூன் வரையிலான மாதங்களுக்குள் நீண்ட இடைவெளி விழுந்தால், தூரத்தைக் கூட்டுவதற்கு முன் வெயில் பழக்கத்தின் 14 நாளை மறுபடியும் செய்துவிடுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரே ஒரு வரி எழுதி வாருங்கள்: தேதி, தொடங்கிய மணி, நிமிடம், வானம் எப்படி இருந்தது, உடம்பு எப்படி இருந்தது. என் நோட்டில் கடந்த ஆண்டு பங்குனிப் பக்கத்தில் 'புழுக்கம், கால் கனம், 22 நிமிடம், போதும்' என்று ஒரு வரி இருக்கிறது. இந்த ஆண்டு மாசி பிறந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துத்தான் அலாரத்தை முதல் பத்து நிமிடம் முன்னே நகர்த்தினேன்.